ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? சங்கங்கள் போராடிச் சட்டமாக்கிய எண்

கலிபோர்னியாவில் ஒரு பொது வார்டில் வேலை பார்க்கும் நர்ஸிடம் ஒரே நேரத்தில் ஆறாவது நோயாளியை ஒப்படைத்தால் அது சட்டமீறல். அன்று எத்தனை பேர் லீவு, ராத்திரியா பகலா, மருத்துவமனை லாபத்தில் ஓடுகிறதா நஷ்டத்தில் ஓடுகிறதா, எதுவும் கணக்கில் வராது. பொது வார்டில் ஐந்து பேர், ஐசியுவில் இரண்டு பேர், பிரசவ அறையில் இரண்டு பேர், குழந்தைகள் வார்டிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் நான்கு பேர், ஆபரேஷன் தியேட்டரில் ஒருவருக்கு ஒருவர். இது அதிகபட்சம். நோயாளியின் நிலை மோசமாக இருந்தால் இதைவிடக் கூடுதலாக நர்ஸ்களைப் போடவேண்டும், குறைக்கக்கூடாது. அமெரிக்காவில் எல்லா வார்டுகளுக்கும் சேர்த்து இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் அது. அந்தச் சட்டத்தைக் கேட்டு, எழுதவைத்து, வழக்குப் போட்டுக் காப்பாற்றி, இன்றுவரை வார்டு வார்டாக அமலாக்கிக்கொண்டிருப்பது செவிலியர் சங்கம்.

செவிலியர் சங்கம் என்றால் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது சம்பள உயர்வு, பணி நிரந்தரம், சென்னையில் அரசு மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். சம்பளம் கேட்பதும் நோயாளியின் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பின்னியவை, அதற்குப் பிறகு வருகிறேன். கலிபோர்னியாவை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், ஒரு சங்கம் சுகாதாரச் சட்டத்தை எப்படி மாற்றுகிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அங்கே பார்க்க முடிகிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். சட்டத்தில் ஓர் எண்ணை எழுதிவிட்டால் மட்டும் நோயாளி பிழைத்துவிடமாட்டார், அந்த எண் மீறப்படும் ராத்திரியில் "இன்னொருவரை என்னால் எடுக்க முடியாது" என்று பயமில்லாமல் சொல்ல வார்டில் ஒருவர் இருக்கவேண்டும்.

முதலில், எண்ணிக்கை ஏன் உயிர்ப் பிரச்சினை என்று பார்க்கலாம். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த ஒருவரை டாக்டர் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை ரவுண்ட்ஸில் பார்ப்பார். மீதி நேரம் முழுக்க அவர் நர்ஸின் கண்ணில்தான் இருக்கிறார். உள்ளே ரத்தக்கசிவு தொடங்கினால் ஆரம்பத்தில் நாடித்துடிப்பு கொஞ்சம் கூடும், சிறுநீர் குறையும், ஆள் நிலைகொள்ளாமல் புரள்வார், பிபி விழுவது பெரும்பாலும் அதற்கெல்லாம் அப்புறம்தான். இந்தச் சின்ன மாற்றங்களைக் கவனிக்க நர்ஸ் அந்தப் படுக்கைப் பக்கம் போயிருக்கவேண்டும், போனபோது சார்ட்டில் எண்ணை எழுதிவிட்டு ஓடாமல் முகத்தையும் பார்த்திருக்கவேண்டும். நான்கு பேர் கையில் இருக்கும்போது அது நடக்கும். பத்துப் பேர் இருக்கும்போது, அதில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, இன்னொருவருக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்க, மூன்றாமவரை ஸ்கேனுக்கு அனுப்பவேண்டியிருக்க, அமைதியாகப் படுத்திருப்பவர் தவறிப்போவார். சிக்கல் வருவதை எல்லா நேரமும் தடுக்க முடியாது. வந்த சிக்கலிலிருந்து ஆளை மீட்கிறோமா இல்லையா என்பதில்தான் வார்டுக்கு வார்டு வித்தியாசம்.

இதை அளந்து காட்டியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்கன். 2002ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த அவர் குழுவின் ஆய்வு, பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் இருக்கும் சராசரி நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. நான்கு பேர் என்பது எட்டுப் பேர் ஆகும்போது 31 சதவீதம். 2014ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் செய்த ஆய்விலும் கிட்டத்தட்ட அதே 7 சதவீதம்தான் வந்தது. இவை ஒரே நேரத்தில் பல மருத்துவமனைகளை ஒப்பிட்ட ஆய்வுகள், அதனால் நர்ஸ் குறைவாக இருக்கும் இடத்தில் வேறு குறைகளும் இருக்கலாமே என்ற கேள்வி நியாயம்தான். ஆனால் நாடு மாறியும் ஆண்டு மாறியும் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாயும் எண்ணை ஒதுக்கித்தள்ள முடியாது.

சரி, சங்கத்துக்கு வருவோம். கலிபோர்னியாவில் ஐசியுவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிகள் என்ற விதி 1970களின் நடுவிலேயே இருந்தது. மற்ற வார்டுகளுக்கு ஒன்றும் இல்லை. 1990களில் காப்பீட்டு நிறுவனங்கள் மருத்துவமனைகளிடம் விலையை நெருக்க, மருத்துவமனைகள் ஆலோசனை நிறுவனங்களைக் கூப்பிட்டு வேலையை "மறுசீரமைப்பு" செய்தன. நடைமுறையில் அதற்கு அர்த்தம், பதிவு பெற்ற செவிலியர்களைக் குறைத்து, சில வாரப் பயிற்சி மட்டும் பெற்ற உதவியாளர்களை அந்த இடத்தில் நிறுத்துவது. செலவில் பெரும்பங்கு செவிலியர் சம்பளம் என்பதால் கத்தி முதலில் அங்கேதான் விழுந்தது.

அந்த நேரத்தில் கலிபோர்னியா செவிலியர் சங்கத்துக்குள்ளேயே ஒரு மாற்றம் நடந்தது, பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் இது. 1903ல் தொடங்கிய அந்த அமைப்பு நெடுங்காலம் ஒரு தொழில்முறைச் சங்கமாக, நர்சிங் நிர்வாகிகளும் கல்வியாளர்களும் முன்னால் நின்று நடத்தும் அமைப்பாக இருந்தது. 1993ல் வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்கள் தேர்தலில் ஜெயித்து நிர்வாகத்தைக் கைப்பற்றினார்கள், 1995ல் அமெரிக்கச் செவிலியர் சங்கத்திலிருந்தே பிரிந்துவந்தார்கள். ஆள் குறைப்பை அமல்படுத்தும் பொறுப்பில் இருக்கும் மேற்பார்வையாளரும், அந்த ஆள் குறைப்பில் மூச்சுத்திணறும் நர்ஸும் ஒரே அமைப்பில் உட்கார்ந்து ஒரே தீர்மானம் போட முடியாது. பிரிந்த பிறகுதான் "எண்ணைச் சட்டத்தில் எழுது" என்ற கோரிக்கை தயக்கமில்லாமல் வெளியே வந்தது.

1998ல் ஒரு மசோதா நிறைவேறியது, ஆளுநர் பீட் வில்சன் அதை நிராகரித்தார். அடுத்த ஆண்டு கிரே டேவிஸ் ஆளுநர். ஷீலா க்யூல் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த ஏபி 394 மசோதாவில் 1999 அக்டோபரில் டேவிஸ் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்தில் இன்றைக்கு நாம் பார்க்கும் எண்கள் இல்லை. ஒவ்வொரு வகை வார்டுக்கும் எத்தனை என்று சுகாதாரத் துறை முடிவுசெய்யவேண்டும் என்றுதான் இருந்தது. உண்மையான சண்டை அங்கேதான் தொடங்கியது. பொது வார்டுக்கு மருத்துவமனைகளின் கூட்டமைப்பு சொன்ன எண் பத்து. கலிபோர்னியா செவிலியர் சங்கம் சொன்னது மூன்று. சுகாதார ஊழியர்களிடம் பலம் வாய்ந்த இன்னொரு தொழிற்சங்கமான எஸ்இஐயு சொன்னது நான்கு. கடைசியில் 2004 ஜனவரி 1 முதல் ஆறு, ஓராண்டு கழித்து ஐந்து என்று முடிவானது. ஐந்து என்பது ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த எண் இல்லை, பேரம் பேசி வந்தது. இதைச் சொல்லியே சட்டத்தைக் குறைகூறுகிறவர்கள் உண்டு. பொதுச் சுகாதாரத்தில் பல வரம்புகள் அப்படித்தான் பிறந்திருக்கின்றன, அந்தப் பேரத்தில் நோயாளியின் பக்கம் பேச யாராவது இருந்தார்களா என்பதுதான் நான் பார்ப்பது.

அடுத்த சண்டை இரண்டே வார்த்தைகள் மேல்: "எல்லா நேரமும்". ஒரு நர்ஸ் சாப்பிடப் போகிறார், கழிவறைக்குப் போகிறார். அந்த இருபது, முப்பது நிமிடம் அவருடைய ஐந்து நோயாளிகளையும் பக்கத்து நர்ஸ் சேர்த்துப் பார்த்தால் பத்து ஆகிவிடுகிறது. இடைவேளைக்கும் இந்த எண் பொருந்தாது என்று சொல்லுங்கள் என மருத்துவமனைகள் கூட்டமைப்பு நீதிமன்றம் போனது. 2004ல் சாக்ரமெண்டோ நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, எல்லா நேரமும் என்றால் இடைவேளையும் சேர்த்துத்தான் என்றது. அதற்கப்புறம் இடைவேளை நேரத்துக்கென்றே தனி நர்ஸை வைக்கவேண்டி வந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது நர்ஸ்களின் சாப்பாட்டுப் பிரச்சினையாகத் தெரியும். படுக்கையில் கிடப்பவருக்கு அந்த அரை மணி நேரமும் மற்ற எந்த அரை மணி நேரத்தையும் போன்றதுதான், மூச்சுத்திணறல் சாப்பாட்டு நேரம் பார்த்து வருவதில்லை.

அப்புறம் ஆளுநராக வந்தவர் ஹாலிவுட் நடிகர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர். 2004 நவம்பரில், ஆறிலிருந்து ஐந்துக்குக் குறைவதை அவசர விதி ஒன்றின் மூலம் 2008 வரை தள்ளிவைத்தது அவருடைய அரசு. டிசம்பரில் லாங் பீச்சில் நடந்த ஒரு பெண்கள் மாநாட்டில் செவிலியர்கள் எழுந்து எதிர்ப்புக் காட்டியபோது, அவர்களைப் பொருட்படுத்தாதீர்கள், இவர்கள் சுயநலக் குழுக்கள், இவர்களை நான் உதைத்துக்கொண்டே இருக்கிறேன் என்கிற தொனியில் மேடையிலிருந்தே சொன்னார். அவ்வளவு பெரிய நட்சத்திரம், மக்கள் செல்வாக்கின் உச்சியில் இருந்தவர், அவர் பேசியது பெரும்பாலும் பெண்கள் நிறைந்த ஒரு தொழிலைப் பற்றி. அதற்குப் பிறகு ஓராண்டு முழுக்க அவர் நிதி திரட்டப் போன விருந்துகளுக்கு வெளியே, திரைப்பட விழாக்களுக்கு வெளியே, மற்ற மாநிலங்களுக்குப் போனால் அங்கேயும் செவிலியர்கள் நின்றார்கள். சங்கம் வழக்கும் போட்டது. 2005 மார்ச்சில், சட்டமன்றம் போட்ட சட்டத்தை ஓர் அவசர விதியால் இப்படி நிறுத்திவைக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியர்கள், தீயணைப்பு வீரர்கள் என மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, அந்த நவம்பரில் ஆளுநர் நடத்திய சிறப்புத் தேர்தலில் அவர் முன்வைத்த நான்கு தீர்மானங்களையும் மக்கள் தோற்கடித்தார்கள். தேர்தல் முடிந்த கையோடு இந்த வழக்கின் மேல்முறையீட்டையும் அவர் கைவிட்டார்.

சட்டம் வந்ததால் நோயாளிகளுக்கு என்ன கிடைத்தது? 2010ல் எய்கன் குழு கலிபோர்னியாவை, அப்போது இப்படிச் சட்டமில்லாத நியூ ஜெர்சியோடும் பென்சில்வேனியாவோடும் ஒப்பிட்டது. அந்த இரண்டு மாநிலங்களிலும் கலிபோர்னியாவின் எண்ணிக்கையில் நர்ஸ்கள் இருந்திருந்தால் அறுவை சிகிச்சை நோயாளிகளின் மரணம் நியூ ஜெர்சியில் 13.9 சதவீதமும் பென்சில்வேனியாவில் 10.6 சதவீதமும் குறைந்திருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. செவிலியர்களுக்கு வேலையில் ஏற்படும் காயங்கள் கலிபோர்னியாவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக இன்னொரு ஆய்வு சொல்கிறது. அதே நேரம் நோயாளிகள் தவறி விழுவது, படுக்கைப் புண் வருவது ஆகியவற்றில் சட்டம் வந்த முதல் ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்று சொன்ன ஆய்வுகளும் இருக்கின்றன. சில மருத்துவமனைகள் நர்ஸ்களைக் கூட்டிய கையோடு உதவியாளர்களைக் குறைத்துவிட்டன, அதனால் படுக்கை விரிப்பதும் நோயாளியைத் தூக்குவதும் நர்ஸின் தலையிலேயே விழுந்தது. ஆக, எல்லாவற்றையும் சரிசெய்த மருந்து என்று இதைச் சொல்ல முடியாது. நர்ஸே கிடைக்கமாட்டார்கள், படித்தவர்களுக்குப் பதில் குறைந்த பயிற்சி பெற்றவர்களைத்தான் வைக்க நேரும் என்று பயமுறுத்தியது மட்டும் பெரும்பாலும் நடக்கவில்லை.

நான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணமான பகுதி இதுதான். இந்த விதியை மீறினால் இன்ன அபராதம் என்று தெளிவாக வரையறுத்த சட்டம் கலிபோர்னியாவில் வந்தது 2019ல். முதல் மீறலுக்கு 15,000 டாலர், அடுத்தடுத்த மீறல்களுக்கு 30,000. அதாவது எண்கள் அமலுக்கு வந்து சுமார் பதினைந்து ஆண்டுகள் கழித்து. அதுவரை எது பிடித்து நிறுத்தியது? அரசு ஆய்வாளர் தினமும் ஒவ்வொரு வார்டுக்கும் வரமுடியாது. புகார் கொடுத்தால் எப்போதோ வந்து பழைய ரெஜிஸ்டரைப் புரட்டுவார். ஆனால் சங்கம் இருக்கும் மருத்துவமனையில் ஒரு படிவம் உண்டு. எனக்குக் கொடுத்த இந்தப் பொறுப்பு பாதுகாப்பற்றது, என் ஆட்சேபத்தை மீறி இதைச் செய்யச் சொல்கிறீர்கள் என்று ஷிப்ட் நடக்கும்போதே எழுதி, ஒரு நகலை மேற்பார்வையாளரிடமும் ஒன்றைச் சங்கத்திடமும் கொடுத்துவிடலாம். பிறகு ஏதாவது தப்பு நடந்தால் பொறுப்பு நர்ஸோடு நின்றுவிடாது, எச்சரித்தும் கேட்காத நிர்வாகமும் பதில் சொல்லவேண்டும். மாதத்துக்கு இத்தனை படிவங்கள், எந்த வார்டில், எந்த ஷிப்டில் என்று சங்கம் கணக்கு எடுத்து அதையே பேச்சுவார்த்தை மேஜையில் வைக்கும். பல இடங்களில் சட்டத்தின் எண்களை அப்படியே ஊதிய ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கியிருக்கிறார்கள், அதனால் மீறினால் அது ஒப்பந்த மீறலாகவும் ஆகிவிடுகிறது. காகிதத்தில் இருந்த எண் வார்டில் உயிரோடு நடமாடியது இந்த வழியில்தான்.

2020 டிசம்பரில் கொரோனா உச்சத்தில் இருந்தபோது மாநில அரசு விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தி, ஐசியுவில் ஒரு நர்ஸுக்கு மூன்று பேர் வரை விண்ணப்பித்தவுடன் அனுமதித்தது. செவிலியர்கள் தெருவில் இறங்கினார்கள், 2021 பிப்ரவரியில் அந்த வழி மூடப்பட்டது. நெருக்கடியில் வேறு வழியில்லை என்ற வாதத்தை நான் முழுவதும் தள்ளிவிடவில்லை. ஆனால் நெருக்கடிக்காகத் தளர்த்திய விதி நெருக்கடி போன பிறகும் அப்படியே கிடப்பதை நாம் எல்லா நாடுகளிலும் பார்க்கிறோம், இங்கே அது மறுபடி இறுக்கப்பட்டதற்குக் காரணம் விடாமல் கேட்க ஆள் இருந்தது.

எண்ணிக்கையைத் தாண்டியும் இந்தச் சங்கங்களின் கைரேகை பல சட்டங்களில் இருக்கிறது. ஊசி குத்துவதால் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் தொற்று வருவதைத் தடுக்க, பயன்படுத்தியதும் முனை மூடிக்கொள்ளும் பாதுகாப்பு ஊசிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் 1998ல் கலிபோர்னியாவில் வந்து, 2000 நவம்பரில் கிளிண்டன் கையெழுத்திட்ட தேசியச் சட்டமாகவும் ஆனது. எந்த ஊசியை வாங்குவது என்று முடிவுசெய்யும்போது அதைக் கையால் பிடித்து வேலை செய்யும் ஊழியர்களிடம் கருத்துக் கேட்கவேண்டும் என்ற விதி அதில் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விதி. மருத்துவமனையில் ஊழியர்கள் மீது நடக்கும் தாக்குதல்களைத் தடுக்கத் திட்டம் வைத்திருக்கவேண்டும் என்று கலிபோர்னியாவில் 2014ல் வந்த சட்டத்தையும் செவிலியர் சங்கம்தான் முன்வைத்தது.

எல்லா இடத்திலும் ஜெயித்துவிடவில்லை. மாசசூசெட்ஸில் 2014ல் ஐசியுவுக்கு மட்டும் சட்டம் வந்தது. அதை எல்லா வார்டுகளுக்கும் விரிக்க 2018 நவம்பரில் மாநிலச் செவிலியர் சங்கம் நேராக மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போனது, சுமார் 70 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். மருத்துவமனைகள் கொட்டிய பணம் ஒரு காரணம். மாநிலத்தின் சுகாதாரக் கொள்கை ஆணையம், ஆண்டுக்கு 67.6 கோடி முதல் 94.9 கோடி டாலர் வரை கூடுதல் செலவாகும் என்று மதிப்பிட்டது இன்னொரு காரணம். அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் மாசசூசெட்ஸ் கிளையே எதிர்த்ததால், நர்ஸ்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையே என்று வாக்காளர்கள் குழம்பினார்கள். அமலுக்குக் கொடுத்த அவகாசமும் மிகக் குறைவு, சில வாரங்கள்தான். கலிபோர்னியாவில் கையெழுத்துக்கும் அமலுக்கும் நடுவில் நான்கு ஆண்டுகள் இருந்தன. நல்ல கோரிக்கையை அவசரமாக எழுதினால் எதிராளிக்கு வேலை சுலபமாகிவிடுகிறது, மாசசூசெட்ஸ் சங்கம் அந்தத் தவறைச் செய்தது என்றே நினைக்கிறேன்.

வேலைநிறுத்தம் பற்றியும் நேராகப் பேசவேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 1984 முதல் 2004 வரை நடந்த செவிலியர் வேலைநிறுத்தங்களை ஜோனதன் குரூபர், சாமுவேல் கிளைனர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வேலைநிறுத்தத்தின்போது அனுமதிக்கப்பட்டவர்களில் மருத்துவமனை மரணங்கள் சுமார் 18 சதவீதம் கூடியிருந்தன. சங்கங்களை ஆதரிக்கிறவர்கள் இந்த எண்ணைப் பேசாமல் தாண்டிப்போவது சரியில்லை, மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1974லிருந்து சுகாதார நிறுவனங்களில் வேலைநிறுத்தம் என்றால் 10 நாள் முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருப்பது இதற்காகத்தான், நோயாளிகளை இடம்மாற்றவும் மாற்று நர்ஸ்களை வரவழைக்கவும் அந்த அவகாசம். இன்னொரு பக்கம், அதே ஆய்வை எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தால் படுக்கைப் பக்கத்தில் பழகிய நர்ஸ் இல்லாமல்போனால் ஆள் சாகிறார் என்று அது சொல்கிறது. சங்கம் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதைத்தான். சில நாள் வேலைநிறுத்தத்தின் மரணங்கள் கண்ணில் படுகின்றன, ஆள் குறைவாக ஓடும் முந்நூற்றுச் சொச்சம் நாட்களின் மரணங்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சங்கம் உள்ள மருத்துவமனைகளையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்ட ஆய்வுகளும் உண்டு. 2004ல் வந்த ஒன்று, கலிபோர்னியாவில் செவிலியர் சங்கம் உள்ள மருத்துவமனைகளில் மாரடைப்பு நோயாளிகளின் மரணம் 5.5 சதவீதம் குறைவு என்றது. 2016ல் வந்த இன்னொன்று, சங்கத் தேர்தலில் ஜெயித்த மருத்துவமனைகளையும் தோற்ற மருத்துவமனைகளையும் எடுத்துப் பார்த்து, நர்ஸ் கவனிப்பைச் சார்ந்த 13 அளவுகளில் 12ல் சங்கம் வந்த இடங்களே மேல் என்றது.

செலவு பற்றிய கேள்விக்கு நல்ல பதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. விக்டோரியா மாநிலத்தில் 2000ல் தொழில் தகராறு தீர்ப்பின் வழியாக 20 நோயாளிகளுக்கு 5 நர்ஸ் என்ற கணக்கைச் சங்கம் வாங்கியது. 2011, 2012ல் அப்போதைய அரசு அதைத் தளர்த்தப் பார்க்க, மாதக்கணக்கில் போராடிக் காப்பாற்றினார்கள், 2015ல் அது சட்டமானது. குயின்ஸ்லாந்தில் 2016 ஜூலை 1 முதல் குறிப்பிட்ட அரசு மருத்துவமனைகளில் பகலில் ஒரு நர்ஸுக்கு நான்கு நோயாளிகள், இரவில் ஏழு. விதி அமலான 27 மருத்துவமனைகளையும் அமலாகாத 28 மருத்துவமனைகளையும் முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2021ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மரணங்கள் குறைந்ததோடு, நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதாலும் மறுபடி வந்து சேர்வது குறைந்ததாலும் மிச்சமான பணம், கூடுதல் நர்ஸ்களுக்கு ஆன செலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்றது.

இப்போது நம் பக்கம். இந்தியாவில் எண் இல்லாமல் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் பல ஆண்டுகளாகவே சொல்லிவருகிறது: மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒன்று, அதற்கு மேல் விடுப்புக்கென 30 சதவீதம் கூடுதல். கலிபோர்னியாவோடு வைத்துப் பார்த்தால் நம்முடைய எண் மோசமில்லை. ஆனால் அரசு மருத்துவமனை வார்டில் யாரையாவது பார்க்கப் போன எவருக்கும் தெரியும், நைட் டூட்டியில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறார் என்று. அந்த எண் பரிந்துரையாகவே நிற்கிறது, மீறினால் கேட்க ஆளில்லை. 1947ன் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்தில் 2023ல் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் வந்தது. கல்வி, பதிவு, தொழில் நடத்தை பற்றியெல்லாம் பேசும் அந்தச் சட்டத்திலும் ஒரு ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்ற வரம்பு இல்லை.

நம் சங்கங்கள் ஏன் அதைப் பிடிக்கவில்லை என்று கேட்பதற்கு முன் அவர்கள் எங்கே நின்று போராடுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். கேரளத்தில் 2011ல் யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் உருவானபோது தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் பிரச்சினை, சில ஆயிரம் ரூபாய் சம்பளமும், வேலையை விட்டுப் போய்விடக்கூடாது என்று அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கிப் பூட்டிவைப்பதும். படித்த படிப்பின் ஒரே ஆதாரம் எதிராளியின் பீரோவில் இருக்கும்போது, இந்த வார்டில் ஆள் போதாது என்று ஒரு பெண் எப்படி வாய்திறப்பாள்? 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் நர்ஸ்களின் ஊதியத்தை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் கீழே உள்ள மருத்துவமனையிலும் குறைந்தது 20,000 ரூபாய், 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமான ஊதியம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. மத்திய அரசு அதை மாநிலங்களுக்கு அனுப்பிவிட்டு நின்றுகொண்டது. கேரளத்தில் மட்டும் 2017ன் போராட்டங்களுக்கும், 2018ல் சேர்த்தலையிலிருந்து தலைநகருக்கு அறிவித்த நடைப்பயணத்துக்கும் பிறகு, அந்த ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் அரசாணையாக வந்தது. ஒரே பரிந்துரை எல்லா மாநிலங்களுக்கும் போனது, சங்கம் பலமாக இருந்த இடத்தில் அரசாணையானது.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம், அதாவது எம்ஆர்பி வழியாக, 2015ல் எடுத்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்று எதிர்பார்ப்பு. அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் திரண்டார்கள், உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது. கொரோனாவில் அவசரமாக எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31க்கு மேல் நீட்டிப்பு இல்லை என்றானபோது மறுபடி போராட்டம். இதை எல்லாம் "சம்பளப் பிரச்சினை" என்று ஒரு வரியில் போட்டுவிட்டு ஊடகங்கள் நகர்ந்துவிடுகின்றன, எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்த மாதம் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று தெரியாத ஒரு நர்ஸ், மருந்து டோஸ் தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்தால் டாக்டரிடம் திரும்பக் கேட்பதற்கே தயங்குவார், ஆள் போதாது என்று எழுத்தில் கொடுப்பதைக் கனவிலும் நினைக்கமாட்டார். கலிபோர்னியா நர்ஸ் நிரப்பும் அந்த ஆட்சேபப் படிவத்துக்கு அடியில் நிற்பது நிரந்தர வேலையும் பின்னால் ஒரு சங்கமும்தான். அந்த வகையில் பணி நிரந்தரக் கோரிக்கை நோயாளி பாதுகாப்பின் முதல் படி.

ஆனால் முதல் படியிலேயே நின்றுவிட வேண்டியதில்லை. இங்குள்ள செவிலியர் சங்கங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் ஊதியத்தோடு இரண்டு விஷயங்களைச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. ஒன்று, ஐசியுவுக்கு மட்டுமாவது எண்ணை விதியாக்கக் கேட்பது. கலிபோர்னியாவும் மாசசூசெட்ஸும் அங்கேதான் தொடங்கின, செலவுக் கணக்கு சிறியது, வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்பதை எந்த நிர்வாகமும் வெளிப்படையாக மறுக்க முடியாது. இரண்டாவது, நியூ ஜெர்சியில் 2005லிருந்து இருக்கும் ஏற்பாடு: இந்த ஷிப்டில் இந்தப் பிரிவில் எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸ்கள் என்று பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் தினமும் எழுதி ஒட்டுவது. அதற்குப் பணம் தேவையில்லை, புதிய பணியிடம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். நோயாளியோடு கூட இருக்கும் அம்மாவோ அண்ணனோ அந்தப் பலகையைப் படித்துவிட்டு, கூப்பிட்டும் வராத சிஸ்டரைத் திட்டுவதற்குப் பதில் கண்காணிப்பாளர் அறைக்குப் போய்க் கேட்பார்கள்.